மெத்தைக்கடியில் புள்ளியிலை

ஸைனுலாப்தீனோடு ஓடிப்போனாளாம்! சொல்கிறவர்களுக்குத்தான் புத்தி இல்லை, கேட்கிறவர்களுக்கும் வேண்டாமா? ஸைனுலாப்தீன் காக்காவின் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிற மனிதர். அவருடைய ஓட்டோவில் வள்ளிக்கண்ணு ஏறிப் போனதைக் கண்ணாரக் கண்டோம் என்கிறார்கள். அவளுக்குப் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு அவருடைய மனைவி ரிப்கா இருந்ததை மட்டும் ஒருவரும் காணவில்லையாம். ஓட்டோவின் பின் ஆசனத்தில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டிருந்த மனுசி கண்ணில் படவில்லை என்றால், அந்தக் கண் எதைப் பார்க்கத்தான் திறந்திருந்தது?

வள்ளிக்கண்ணு ஓடிப்போகவில்லை. நடந்து போனாள். பட்டப்பகலில், முன்வாசலால், ஊர் பார்த்துக்கொண்டிருக்கப் போனாள். ஓட்டோவெல்லாம் பிறகு, நிலாவெளி றோட்டுக்கு வந்த பிறகு.

'சரி, ஓடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். செய்வினை செய்து பிடிபட்டதால்தானே போனாள்?' என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் இருக்கிறது. பொறுமையாகக் கேட்க வேண்டும்.

வள்ளிக்கண்ணு மலைநாட்டுப் பிள்ளை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாய்க் கட்டிய கூலிவீடு ஒன்றில் பிறந்தவள். தாய் கொழுந்து பறித்தாள். மகள் பக்கத்திலிருந்த பெரிய பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தப் பூங்காவில் பன்னங்களுக்கென்றே ஒரு நிழற்கூடம் உண்டு. பன்னம் என்றால் வேறொன்றுமில்லை, ஈரச் சுவரிலும் கிணற்று உள்பக்கத்திலும் சீப்புப் பல் போல இலை விட்டுத் தொங்குமே, அதுதான். இளம் இலை ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்டு வந்து, பிறகு மெல்ல அவிழும். அவற்றுக்குத் தண்ணீர் தெளிப்பதும், சட்டி மாற்றுவதும், புதிய கன்று முளைக்கவைப்பதும்தான் அவளுடைய வேலை.

யோகலிங்கம் சல்லி என்கிற கடலோர ஊரில் பிடிபடும் மீனை ஐஸ் போட்டு மலைக்குக் கொண்டுபோகிற லொறிச் சாரதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனை இறக்கிவிட்டு, பொழுது போகவில்லை என்று பூங்காவுக்குள் நுழைந்தான். நிழற்கூடத்தில் ஒரு இலையைத் தூக்கிப் பார்த்தவன் முகத்தைச் சுளித்தான். இலையின் முதுகு முழுவதும் மண்ணிறப் புள்ளிகள்.

"இந்தச் செடிக்கெல்லாம் நோய் பிடிச்சிருக்குது. மருந்து அடிக்கிறேல்லையோ?"

தண்ணீர் வாளியோடு நின்ற வள்ளிக்கண்ணு சிரித்துவிட்டாள்.

"நோயில்லீங்க. அது புள்ள குட்டிங்க."

பிறகு சொன்னாள். பன்னத்துக்குப் பூ இல்லை, காய் இல்லை, விதையும் இல்லை. இலையின் அடியில் புள்ளி விடும். புள்ளிக்குள் தூள் இருக்கும். அது காற்றில் பறந்து ஈரம் கண்ட இடத்தில் முளைக்கும். ஒவ்வொரு பன்னத்துக்கும் புள்ளி ஒவ்வொரு மாதிரி. ஒன்றுக்கு வட்டம். ஒன்றுக்கு அவரை விதை. இன்னொன்றுக்குப் புள்ளியே இராது, இலையின் ஓரத்தை மடித்துத் தைத்ததுபோல் ஒரு கோடு ஓடும். முகத்தைப் பார்த்து இன்னார் என்று சொல்வதுபோல் அவள் இலையின் முதுகைப் பார்த்து இன்ன பன்னம் என்று சொல்வாள்.

"அப்ப மேலால பாத்தா ஒண்டும் தெரியாதோ?"

"மேல பாத்தா எல்லாம் பச்சதாங்க."

அடுத்த கிழமை வந்தான். அதற்கடுத்த கிழமையும் வந்தான். ஒரு தடவை, மற்ற ஆண்கள் பூவும் வளையலும் கொண்டுவருகிற மாதிரி, கிண்ணியாப் பக்கத்துக் களப்பின் உப்புத்தண்ணீரோரம் வெட்டிய ஆளுயர இலை ஒன்றை மீன்பெட்டிக்குள் பாரைகளுக்கு நடுவே ஐஸில் வைத்துக் கொண்டுவந்தான். மீன் வாசம் அடிக்கிற அந்த இலையை அவள் திருப்பிப் பார்த்தாள். நுனிப்பக்கத்து இலைகளின் அடி முழுக்கத் துருப்பிடித்த வெல்வெட் மாதிரி இருந்தது.

"இதுவும் பன்னந்தாங்க! உப்புத் தண்ணியிலயா நிக்குது?"

"ஓம். கண்டல் காட்டுக்குள்ள நிக்குது. ஆளையே மறைக்கும்."

அந்த இலையில்தான் அவள் விழுந்தாள் என்று பிறகு தானே சொல்லுவாள். பைனஸ் என்கிற ஊசியிலை மரங்கள் காற்றில் இரைவதைக் கேட்டே வளர்ந்தவளை மலையிலிருந்து இறக்குவதற்கு அவன் சொன்ன இன்னொரு கதையும் உண்டு. "பைனஸை விட்டுட்டு வாறனெண்டு கவலைப்படாத. எங்கட கரையிலயும் பைனஸ் நிக்குது. காத்தடிச்சா அதே சத்தந்தான்" என்றான்.

கலியாணம் முடிந்து சல்லிக்கு வந்த கிழமையே அந்த மரங்களின் கீழ் போய் நின்றாள். சத்தம் அதே சத்தம்தான். ஒரு கிளையை வளைத்து ஒரு ஊசியைப் பிடுங்கினாள். இரண்டு கையாலும் இழுத்தாள். நண்டுக்கால் கழல்வதுபோல் கணுக்கணுவாகக் கழன்று வந்தது. கணுவைச் சுற்றி எறும்புப் பல் மாதிரி சின்னச் சின்னப் பல்.

"பைனஸ் ஊசி இப்புடிக் கழராதுங்க. அடியில ஒரு சின்ன உறைக்குள்ள ரெண்டோ மூணோ கட்டா இருக்கும். இழுத்தா கட்டோட வரும். காயப் பாருங்க, பைனஸ் கூம்பு செதில் செதிலா விரியும். இது கிளிக்குஞ்சு வாயத் தொறந்த மாதிரி நிக்குது. இது சவுக்கு. சுத்தப் பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்துட்டீங்களே!"

யோகலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனுடைய தாய் கோணேஸ்வரி சிரிக்கவில்லை. குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை நிறுத்தினாள்.

"வந்து ஒரு கிழமையாகேல்லை. எங்கட மரத்தையே கள்ள மரம் எண்டுறாள்" என்று முன்வீட்டு மனோன்மணிக்குக் கேட்கும்படி சொன்னாள். மனோன்மணிக்குக் கேட்டால் கோயிலடி வரைக்கும் கேட்டதுபோல்தான்.

கோணேஸ்வரி கெட்டவள் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். புருசனைக் கடல் கொண்டுபோன பிறகு கருவாடு காயவைத்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். மருமகளுக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டவள், காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் குந்தியிருந்தவள். ஆனால் சந்தேகம் அவளுக்கு இரத்தத்தில் ஊறியது. நன்றாக இருந்த குடும்பம் நொடித்துப்போனதற்கு யாரோ படிக்கட்டின் கீழ் புதைத்த தகடுதான் காரணம் என்று நம்புகிறவள். ஊரிலும் பாதிப் பேர் அப்படித்தான். அங்கே ஒரு பொருளின் அடியைத் தூக்கிப் பார்க்கிறவர் இரண்டில் ஒருவர். ஒன்று, வைத்ததைத் தேடுகிறவர். மற்றது, வைக்கிறவர்.

வள்ளிக்கண்ணுவோ போகிற வீடெல்லாம் பூச்சட்டி இலைகளைப் புரட்டிப் பார்த்தாள். பழைய மதிலைக் கண்டால் குனிந்தாள். ஒருநாள் கோயில் கிணற்றுக் கட்டில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தாள். தண்ணீருக்கு வந்த பெண்கள், ஆள் விழப்போகிறாள் என்று கத்திக்கொண்டு காலைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஒண்ணுமில்லீங்க. உள்ள கருங்காம்புப் பன்னம் இருக்குது. காம்பு தலமுடி மாதிரி மினுங்குது. எலையில தண்ணியே ஒட்டல, பாருங்க!"

ஒருத்தியும் பார்க்கவில்லை. தோட்டக்காட்டாள் அம்மன் கிணற்றுக்குள் தலைகீழாய் என்னத்தை முணுமுணுத்தாள் என்பதுதான் அன்றைக்குப் பேச்சு.

கிண்ணியாவில் ஸைனுலாப்தீனும் ரிப்காவும் பூக்கன்று வளர்த்து, ஓட்டோவில் ஏற்றி ஊரூராக விற்கிறவர்கள். உப்புவெளி விடுதிக்காரர்கள் இவர்களிடம் நிழலில் நிற்கிற சட்டிச் செடி கேட்டுத் தவிப்பார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த பன்னமெல்லாம் இந்த வெயிலுக்குக் கருகிப்போனது. வள்ளிக்கண்ணு ஒருநாள் அவர்களிடம், இந்த மண்ணிலேயே முளைத்த பன்னத்தின் தூளை எடுத்து முளைக்கவைத்தால் கருகாது என்றாள். ரிப்கா உடனே பிடித்துக்கொண்டாள்.

"அப்ப செஞ்சு தாங்களேன் புள்ள! ஒங்களுக்கும் கைவேலையாப் போகும்."

அன்று தொடங்கியது இது. கிணற்றிலும் கோட்டைச் சுவரிலும் களப்போரத்திலும் முற்றின இலைகளாகப் பார்த்துக் கொண்டுவருவாள். வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்தால் தூள் கொட்டும். எது எந்தப் பன்னம் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொன்றிலும் ஒரு இலையைப் பத்திரிகைத் தாளுக்குள் வைத்துப் பாரத்தின் கீழ் நசித்துக் காயவைப்பாள். வீட்டில் பாரமென்று இருந்தது நிருஜாவின் தேங்காய்த்தும்பு மெத்தை ஒன்றுதான். மற்றவர்களெல்லாம் பாயில் படுக்கிறவர்கள். நிருஜா யோகலிங்கத்தின் தங்கை, கலியாணத்துக்கு நிற்கிற பிள்ளை.

நிருஜாவுக்குத் தெரியாமல் ஒன்றும் வைக்கவில்லை. அவளே மெத்தையைத் தூக்கிப் பிடித்துக் கொடுத்தாள்.

"அண்ணி, ஒருநாளைக்கு என்ர முதுகால காடு முளைக்கப்போகுது" என்று சிரித்தாள்.

இதை மறந்துவிடக் கூடாது. அவளுக்குத் தெரியும்.

நிருஜாவுக்கு வந்த முதல் சம்பந்தம், பொருத்தம் பார்த்து, பெண் பார்த்து, நாள் வைக்கிற நேரத்தில் சத்தமில்லாமல் நின்றுபோனது. இரண்டாவதும் அப்படி. மூன்றாவது மாப்பிள்ளை வீட்டார் போனையே எடுக்கவில்லை. கோணேஸ்வரி அமைதியிழந்தாள். படிக்கட்டைத் தோண்டிப் பார்த்தாள். வாசலில் கண்ணேறு கழியத் தேசிக்காய் கட்டினாள். யார் வீட்டுக்கு வந்தாலும் போன பிறகு அவர்கள் இருந்த கதிரையின் அடியைத் தடவிப் பார்த்தாள்.

வள்ளிக்கண்ணுவுக்கும் சந்தேகம் வந்தது. ஆனால் அவளுடைய சந்தேகம் வேறு பக்கம் போனது. ஒவ்வொரு சம்பந்தம் நின்ற அன்றும் வீட்டில் எல்லோரும் சோறு தொடாமல் இருக்க, நிருஜா மட்டும் இரண்டாம் தடவை குழம்பு ஊற்றிச் சாப்பிட்டாள். பன்னத்தின் அடியைப் பார்க்கிற கண்ணில் இது படாதா? ஒரு பின்னேரம் சவுக்கு மரத்தின் பின்னால் நிருஜா ஒரு மாப்பிள்ளையின் தமக்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

"எனக்கு விருப்பமில்லை அக்கா. உங்கட தம்பிட்டச் சொல்லுங்கோ. ஆனா நான் சொன்னதெண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ."

திரும்பியவள் அண்ணியைக் கண்டாள். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கஜீபன் என்று ஒருவன். துறைமுகத்தில் வேலை. குடியில்லை, சண்டையில்லை, நல்ல பிள்ளை. ஆனால் அவனுடைய ஆட்களைக் கோணேஸ்வரி வாசற்படி ஏறவும் விடமாட்டாள்.

"அண்ணி, அம்மாவுக்குத் தெரிஞ்சா என்னைக் கொண்டுபோடுவா. நீங்கள் சொல்லமாட்டியள்தானே?"

"நான் சொல்லமாட்டேன். ஆனா நீ சொல்லு. ரொம்ப நாள் மறைக்க முடியாது நிருஜா."

"சொல்லுறன். மறுகா ஒருநாள் சொல்லுறன்."

கோயில் பொங்கலுக்கு வீடு கழுவுகிற நாள் வந்தது. யோகலிங்கம் லொறியோடு மலையில். வள்ளிக்கண்ணு கடைக்குப் போயிருந்தாள். மெத்தையை வெயிலில் போடவென்று கோணேஸ்வரி ஒரு தலைப்பையும் மனோன்மணி மற்றத் தலைப்பையும் பிடித்துத் தூக்கினார்கள். பத்திரிகைத் தாள்கள் விரிந்து விழுந்தன. ஒவ்வொரு தாளிலும் காய்ந்த இலை ஒன்று. இலையெல்லாம் ஊசியைக் காய்ச்சிக் குத்தியதுபோல் வரிசை வரிசையாகப் புள்ளி. நடுவில் மடித்த வெள்ளைத் தாள் ஒன்று. பிரித்தால், இலையின் உருவத்திலேயே மண்ணிறத் தூள்.

கோணேஸ்வரி போட்ட சத்தத்தில் கரையில் வலை இழுத்தவர்களும் வந்துவிட்டார்கள்.

வள்ளிக்கண்ணு மாவும் சீனியுமாக வாசலுக்கு வந்தபோது முற்றம் நிறைந்திருந்தது. மனோன்மணி ஒரு இலையைக் குச்சியால் தூக்கிப் பிடித்துப் புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பக்கம் எத்தினையோ அந்தப் பக்கமும் அத்தினை! பாருங்கோ, ஒண்டு கூட இல்லை, ஒண்டு குறைய இல்லை. மனிசக் கைபடாமல் இப்பிடி வருமோ?"

"அது தானாவே வர்றதுங்க. வெத மாதிரி" என்றாள் வள்ளிக்கண்ணு.

"விதையெண்டா இதுக்குப் பூ எங்க? காய் எங்க?" என்று கோணேஸ்வரி கேட்டாள்.

"இதுக்குப் பூவே கெடையாதுங்க மாமி. காயும் இல்ல."

தன் வாயாலேயே என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்கு உறைக்க ஒரு கணம் பிடித்தது.

"கேட்டியளே!" கோணேஸ்வரி கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "பூக்காத செடி! காய்க்காத செடி! அதைத் தேடிப் பிடிச்சுக்கொண்டந்து என்ர குமர்ப்பிள்ளையின்ர மெத்தைக்குக் கீழ வைச்சிருக்கிறாள்! தான் காய்க்கேல்லையெண்டு என்ர பிள்ளையையும் காய்க்காமல் பண்ணப் பாத்திருக்கிறாளே!"

வள்ளிக்கண்ணுவுக்குப் பிள்ளை இல்லை. அதை அந்த வீட்டில் அதுவரை ஒருவரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. மாமி கூடச் சொன்னதில்லை.

அறை வாசலில் நிருஜா நின்றாள். வள்ளிக்கண்ணு அவளைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். 'ஓம் அம்மா, எனக்குத் தெரியும், நான்தான் மெத்தையைத் தூக்கிப் பிடிச்சனான்' என்ற ஒரு வார்த்தை. நிருஜா கதவுச் சீலையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு நின்றாள். சம்பந்தம் நின்றதற்கு ஊர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. இனி வேறு காரணம் தேடமாட்டார்கள். அந்த நிம்மதி அவள் முகத்தில் ஒரு நொடி வந்து போனதை வள்ளிக்கண்ணு கண்டாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் கைபட்ட தண்ணீரை ஒருவரும் குடிக்கவில்லை. அவள் காய்ச்சிய குழம்பு அப்படியே நாய்க்குப் போனது. நாயும் சாகவில்லை, கொழுத்தது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. அவளுடைய சீலைப் பெட்டியை யாரோ கிளறியிருந்தார்கள். தலையணை உறை திருப்பிப் போட்டிருந்தது. அவளும் மாறிப்போனாள். சிரிக்கிறவர்களை நம்பவில்லை. சிரிக்காதவர்களையும் நம்பவில்லை. யார் கூப்பிட்டாலும், என்ன கேட்கப்போகிறார்கள் என்று முதுகை விறைத்துக்கொண்டாள். பேயோட்டுகிற கட்டாடி ஒருவரைக் கூட்டிவந்தார்கள். அவர் உடுக்கடித்து, வீட்டைச் சுற்றி வந்து, 'இன்னும் இருக்குது' என்றார். வந்த வேலைக்கு அவர் வேறு என்ன சொல்வார்?

வள்ளிக்கண்ணு ஒரு பிழை விட்டாள். கண்ணால் கண்டால் மாமி நம்புவாள் என்று நினைத்தாள். ஒரு காலை கோணேஸ்வரியின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கோயில் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். உள்பக்கம் பச்சையாகத் தொங்கிய இலை ஒன்றை எட்டிப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள்.

"பாருங்க மாமி. உசிரோட இருக்கிற எலை. வேரோட நிக்குது. இதுல யாரு வந்து புள்ளி குத்துவா? அதே மாதிரிதான இருக்குது?"

கோணேஸ்வரி பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். அதே புள்ளிகள்தான். அவளுடைய கண்கள் விரிந்தன.

"ஐயோ, அம்மன்ர கிணத்துக்குள்ளயும் வைச்சிட்டாளே!"

அன்று மத்தியானமே நாலு இளந்தாரிகள் கயிற்றில் இறங்கிக் கிணற்றுச் சுவரைச் சுரண்டினார்கள். ஒரு பன்னம் மிச்சமில்லை. குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். ஈர இலை எரியாமல் புகைந்ததையும் ஒரு அடையாளமாகச் சொன்னார்கள்.

கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் சிவகுருநாதன் முடிவு சொன்னார். வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசைக்குப் பிறகு, வள்ளிக்கண்ணு அம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, 'நான் செய்யவில்லை' என்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் செய்தால் குலம் நாசமாகும். மெய்யென்றால் அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.

"நியாயமான தீர்ப்பு" என்றார்கள் எல்லோரும். அவள் சத்தியம் செய்துவிட்டிருந்தால் என்ன என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். கேட்கட்டும். குற்றம் செய்தவர்கள்தான் சத்தியத்துக்குப் பயப்படுவார்கள் என்றால், குற்றமே செய்யாதவள் எதற்காக அந்த வரிசையில் போய் நிற்க வேண்டும்?

அந்தத் தடவை மலையில் இரண்டு கிழமை நின்றுவிட்ட யோகலிங்கம் வியாழக்கிழமை வந்தான். லொறியை நிறுத்தும் முன்பே அவனிடம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. குசினிக்குள் வந்து அவளுக்கு முன்னால் பலகையைப் போட்டு உட்கார்ந்தான்.

"ஒரு கற்பூரந்தானே வள்ளி. அணைச்சுப்போட்டு வந்துவிடு."

"அந்தப் புள்ளி என்னான்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"நான் செஞ்சிருப்பேன்னு நெனைக்கிறீங்களா?"

"எனக்கென்ன விசரே? நான் அப்பிடி நினைக்கேல்லை."

"அப்ப நீங்க போயி உங்க அம்மாக்கிட்டச் சொல்லலாமில்ல? பூங்காவுல பாத்தது, நீங்க மீன்பெட்டியில எனக்குக் கொண்டாந்தது, எல்லாத்தையும் சொல்லலாமில்ல?"

"நான் சொன்னா நம்புவினமோ? பெண்டிலுக்கு மயங்கினவன் எண்டுதான் சொல்லுவினம். ஊரோட இருக்கிறவன் நான். நாளைக்கு லொறிக்கு மீன் ஏத்தித் தாறதும் இந்த ஊர்தான்."

"சொல்லிப் பாத்தீங்களா?"

அவன் பலகையை விட்டெழும்பிக் கைகழுவப் போனான். ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை, எதற்குக் கைகழுவினான் என்று அவனுக்கே தெரியாது.

பின்னேரம் நிருஜா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணி, நீங்கள் அணைச்சுப்போடுங்கோ. எல்லாம் அதோட முடிஞ்சிரும்."

"முடியாது நிருஜா. நான் செய்யலன்னு ஆயிட்டா, அப்ப யாரு செஞ்சதுன்னு கேப்பாங்க. அடுத்த கற்பூரம் யாரு கையிலன்னு நெனைச்சுப் பாத்தியா?"

நிருஜா வாசலைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்கள் என்னைக் காட்டிக் குடுக்கப்போறியளோ அண்ணி?"

வள்ளிக்கண்ணு அவளைப் பார்த்தாள். எவ்வளவு இலேசு! கஜீபன் என்று ஒரு பெயரை முற்றத்தில் போட்டால் போதும். ஊரே வள்ளிக்கண்ணுவை விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பும். மாமி காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டாலும் கேட்பாள். நாக்கு நுனி வரைக்கும் வந்த பெயர்.

"நான் சொல்லமாட்டேன்னு சொன்னேன். சொன்னது சொன்னதுதான். போயி மொகத்தக் கழுவு."

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. கோயில் மணி அடித்தது. வீட்டு வாசலில் வண்ணக்கரும் மனோன்மணியும் இன்னும் பத்துப் பேரும் நின்றார்கள். கோணேஸ்வரி தலைக்குக் குளித்து, தட்டில் கற்பூரமும் வெற்றிலையுமாக நின்றாள். யோகலிங்கம் வேட்டி உடுத்துத் திருநீறு பூசியிருந்தான். நிருஜா உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை.

வள்ளிக்கண்ணு வெளியே வந்தாள். உடுத்தியிருந்தது வீட்டுச் சீலைதான். தோளில் ஒரு பை. பையைக் கண்டதும் கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"பை எதுக்கு? கோயிலுக்குப் பை எதுக்கு?" என்றாள் மனோன்மணி. "அதுக்குள்ள என்ன கிடக்குதெண்டு பாருங்கோ."

வள்ளிக்கண்ணு பையின் வாயை அகலத் திறந்து அவளுக்கு முன்னால் நீட்டினாள். இரண்டு சீலை, ஒரு துவாய், சீப்பு. மனோன்மணி விரலை விட்டு அடிவரைக்கும் கிளறிப் பார்த்தாள். ஒன்றும் இல்லாதது அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

வள்ளிக்கண்ணு புருசன் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் இருக்காங்க. இப்பக் கேக்குறேன். அந்தப் புள்ளி என்னான்னு இவங்களுக்கு ஒரு தடவ சொல்லுங்க. நம்புறாங்க, நம்பல, அது வேற. நீங்க சொன்னீங்கன்னா நானே வந்து அந்தக் கற்பூரத்த அணைக்கிறேன். கையில கொப்புளம் போட்டாலும் அணைக்கிறேன்."

யோகலிங்கம் வண்ணக்கரைப் பார்த்தான். தாயைப் பார்த்தான்.

"இப்ப அது எதுக்கு வள்ளி? நேரம் போகுது. பூசை முடிஞ்சிரும். வா."

அவ்வளவுதான்.

அவள் அழுதாள் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். சாபம் போட்டாள் என்பதும் பொய். தலையை ஒருதடவை ஆட்டினாள், 'சரி' என்பதுபோல். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு படியிறங்கினாள். கூட்டம் விலகி வழி விட்டது. கோயில் இருந்தது கடற்கரைப் பக்கம். அவள் மற்றப் பக்கம் திரும்பினாள், றோட்டுக்குப் போகிற மணல்வழியில்.

"எங்க போறாய்? வள்ளி! எங்க போறாய்?" யோகலிங்கம் கத்தினான். கத்தினானே தவிர நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"பாத்தியளே, பயந்து போறாள்" என்றாள் மனோன்மணி.

வேலியைத் தாண்டியவள் காலை மாற்றி மாற்றி வைத்தாள். கோயிலுக்கென்று செருப்பில்லாமல் வெளியே வந்திருந்தாள். உச்சி வெயிலில் மணல் தணலாகக் கிடந்தது.

"எடியே!" என்று ஒரு குரல் கேட்டது. கற்பூரத் தட்டோடு நின்ற கோணேஸ்வரிதான். ஏன் கூப்பிட்டோம் என்று தெரியாதவள் மாதிரி ஒரு கணம் திகைத்து நின்றாள். பிறகு கோபமாகச் சொன்னாள்: "செருப்பைப் போட்டுக்கொண்டு போ. மணல் சுடும்."

வள்ளிக்கண்ணு திரும்பி வந்தாள். படிக்குப் பக்கத்தில் கிடந்த செருப்பைப் போட்டுக்கொண்டாள். மாமியை நிமிர்ந்து பார்த்தாள்.

"வர்றேங்க மாமி" என்றாள்.

போனாள்.